சாண்டோரினி கனவு இருக்கட்டும்... திருத்தணி, திருவாலங்காட்டில் இரண்டு நாள் ‘சும்மா’ இருந்து பாருங்கள்!

வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல், கையில் ஒரு காபிக் கோப்பை. இந்த ரீல்ஸ் வந்து போகாத செல்போன் தமிழ்நாட்டில் இருக்காது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் அதை ஃபார்வேர்டு செய்வார். சித்தி ஒரு ஹார்ட் போடுவார். மாமா ‘எவ்ளோ ஆகும்?’ என்று கேட்பார். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

அடுத்த மாதம் அதே குடும்பம் ஒரு வேன் பிடிக்கும். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி திருத்தணி, அங்கிருந்து திருச்சானூர், முடிந்தால் திருமலை, வருகிற வழியில் காளஹஸ்தி. நள்ளிரவு தாண்டி வீடு. மறுநாள் பாட்டிக்கு முழங்கால் வீக்கம், பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு, அம்மாவுக்கு இரண்டு மூட்டை துணி. ‘நல்லா போயிட்டு வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் தைலம் தேய்த்துக்கொள்வார்கள்.

அந்த ரீல்ஸில் நம்மை இழுத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். கடல் என்றால் மெரினாவிலேயே இருக்கிறது. வெள்ளைச் சுவரும் பெரிய அதிசயமில்லை. அந்தப் பெண் எங்கேயும் ஓடாமல், யாருக்கும் தட்டு எடுத்து வைக்காமல், அரை மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏங்க வைப்பது அதுதான்.

நிஜ சாண்டோரினி எப்படி இருக்கிறது?

சாண்டோரினியின் மக்கள்தொகை சுமார் 15,000. 2023-ல் அங்கே வந்து போனவர்கள் சுமார் 34 லட்சம் பேர். ஒரே நாளில் பல கப்பல்கள் வந்து நிற்க, குறுகலான சந்துகளில் ஆளை ஆள் இடித்துக்கொண்டு நடக்கும் நிலை. கூட்டம் தாங்காமல், கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் நாளொன்றுக்கு 8,000 பேர்தான் என்று 2025-ல் வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை முதல், சீசன் நேரத்தில் கப்பல் பயணிகளுக்குத் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்தது. 2025 பிப்ரவரியில் தொடர்ச்சியாக நிலநடுக்கங்கள் வந்து, 11,000-க்கும் அதிகமானோர் தீவைவிட்டு வெளியேறிய செய்தியும் நினைவிருக்கலாம்.

ரீல்ஸில் இன்னொன்றும் வராது. பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா ஊருக்கு ஏற சுமார் 590 படிகள். கேபிள் கார் உண்டு, ஆனால் அதற்கும் வரிசை உண்டு. நம்ம திருத்தணி 365 படிதான்!

போகவே கூடாது என்பதல்ல. ஆசையும் சேமிப்பும் இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். நிம்மதியாகப் போய் வர மட்டும் சில கணக்குகள் உண்டு. கிரீஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. சர்வீஸ் சார்ஜ் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. கடைசி நேரத்தில் அலைவதில்தான் பாதி நிம்மதி போகிறது.

ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் ஒருபக்கம், ‘மெல்டெமி’ எனப்படும் வடக்குக் காற்று இன்னொரு பக்கம். காற்று பலமானால் தீவுகளுக்கான படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே ஏதென்ஸ் வந்து சேர்ந்துவிடுவது நல்லது. மே, செப்டம்பர் மாதங்கள் தோது. முக்கியமாக, ஐந்து நாளில் நான்கு தீவு என்று பேக்கேஜ் போடுகிறவர்களிடம் சிக்காதீர்கள். ஒரு தீவு போதும். அது சாண்டோரினியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து படகில் 5 மணி நேரத்துக்கு மேல் போனால் வரும் நாக்ஸோஸ் போன்ற தீவுகளில் வயலும் உண்டு, கடற்கரையும் உண்டு. சாண்டோரினி அளவுக்கு நெரிசல் இருக்காது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குப் பருப்பு மசியல், பெரிய பீன்ஸ், வேகவைத்த கீரை எல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே இருக்கின்றன. விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டையை ஒதுக்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு.

கிரீஸ்காரர்களிடம் ஒரு ருசிகரமான விஷயம் இருக்கிறது. கோடைக்காலத்தில் மதியம் 3 மணியிலிருந்து 5.30 வரை சத்தம் போடக் கூடாது என்று அங்கே காவல்துறை விதியே இருக்கிறது. ‘பொது அமைதி நேரம்’ என்று பெயர். அந்த நேரத்தில் சுவரில் துளை போட்டாலோ, பாட்டைச் சத்தமாக வைத்தாலோ பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடலாம். சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு! நம்ம ஊரில் மதியம் கண்ணயரும் மருமகளைப் பார்த்து என்ன பேச்சு வரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மதியத் தூக்கத்துக்கு விசா தேவையில்லை. சென்னை சென்ட்ரல் புறநகர் முனையத்தில் ஒரு லோக்கல் ட்ரெயின் டிக்கெட் போதும்.

கோபம் தணிந்த ஊர்

சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. தூரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது திருத்தணி. பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு கலந்து வரும். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது அங்கே போய், ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் மறுபடி நம் பக்கம் வந்த ஊர். நாம் செப்டம்பர் 5 அன்று கொண்டாடும் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது இங்கேதான், 1888-ல்.

பெயரைக் கவனியுங்கள். சூரனோடு போர் முடித்த முருகன், சினம் தணிய வந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை. அறுபடை வீடுகளில் திருச்செந்தூர் போர்க்களம் என்றால் இது ஓய்வு வாசஸ்தலம். அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்க, திருத்தணியில் அது கிடையாது. பதிலுக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூவைக் கொட்டுவார்கள். சண்டை போட்டு முடித்தவருக்கு அந்தச் சண்டையை மறுபடி நினைவுபடுத்துவானேன் என்று நினைத்திருப்பார்கள் போல.

அவர் ஓய்வெடுக்க வந்த ஊரில் நாம் அரை மணி நேரம் நின்று ஓடுகிறோம்.

ஓடாமல் இருக்க ஒரே வழி, ராத்தங்கல். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மதியம் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் தேவஸ்தான விடுதிகள் உண்டு, ஊருக்குள் தனியார் லாட்ஜ்களும் உண்டு. அறையைக் கிளம்பும் முன்பே உறுதி செய்துவிட்டால், போய் இறங்கிய பிறகு பையோடு அலைய வேண்டாம். பை என்றதும் ஞாபகம் வருகிறது. கிளம்பும் முதல் நாள் இரவு புளியோதரை கிளறி, விடியலில் சப்பாத்தி தட்டி, தயிர்சாதத்துக்குத் தனி டப்பா, ஊறுகாய்க்குத் தனி டப்பா என்று யார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை சமையலறையை எட்டிப் பாருங்கள். அவருக்கும்தானே லீவு? இரண்டு நாளும் ஓட்டல் சாப்பாடு என்று முடிவெடுத்தால் ஆகிற கூடுதல் செலவு, வேன் வாடகையை ரயிலில் மிச்சம் பிடித்ததிலேயே கழிந்துவிடும். குழந்தைக்கோ, சர்க்கரை இருக்கும் தாத்தாவுக்கோ பிஸ்கட், பழம், மாத்திரை போதும்.

சனிக்கிழமை மதியம் அறைக்குப் போனதும் தூங்கிவிடுங்கள். கிரீஸ் சட்டம் இங்கேயும் அமல்! கோடையில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் ஒன்று. மதிய வெயிலில் கருங்கல் படியில் வெறுங்காலோடு ஏறுவது பக்தியும் இல்லை, சுற்றுலாவும் இல்லை. வெயில் சாய்ந்த பிறகு சரவணப் பொய்கைப் பக்கம் நடந்து, அங்கிருந்து படியேறலாம். வருடத்துக்கு 365 நாள், படியும் 365 என்பார்கள். நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் கணக்கு கஷ்டமில்லை. முடியாதவர்களுக்கு மேலே வரை வண்டி போகும் சாலை இருக்கிறது. பாட்டி வண்டியில், பேரப்பிள்ளைகள் படியில், மேலே சந்திப்பு என்று பிரித்துக்கொண்டால் ஒருவருக்காக இன்னொருவர் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

மேலே போனதும் தரிசனம் முடிந்த கையோடு இறங்காதீர்கள். சந்நிதி முன்னால் இருக்கும் யானையைப் பாருங்கள். சுவாமியைப் பார்க்காமல் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு நிற்கும். தெய்வானையின் சீராக இந்திரன் ஐராவதத்தைக் கொடுத்துவிட, அது பிறந்த வீட்டு ஞாபகமாக இந்திரலோகத் திசையைப் பார்க்கிறதாம். கல்யாணம் ஆகி வந்த எந்தப் பெண்ணும் இந்தக் கதைக்கு ஒரு நிமிடம் நின்றுவிடுவார். முத்துசுவாமி தீட்சிதர் வாயில் ஒரு பெரியவர் கற்கண்டு போட்டதும், அவர் முதல் கீர்த்தனை பாடியதும் இந்த மலையில்தான் என்பது கர்னாடக சங்கீத உலகம் சொல்லும் கதை. ‘குருகுஹ’ என்ற முத்திரை அங்கிருந்து வந்ததுதான். விளக்கு வைக்கும் நேரம் வரை ஓரமாக உட்கார்ந்துகொண்டு கீழே ஊரைப் பார்க்கலாம். சாண்டோரினியில் சூரிய அஸ்தமனம் பார்க்க முன்கூட்டியே போய் இடம் பிடிக்க வேண்டும். இங்கே அந்தப் பாடு இல்லை.

தலையால் நடந்தவர் ஊரில் ஒரு காலை

ஞாயிறு காலை திருவாலங்காடு. திருத்தணியிலிருந்து சாலை வழியே 15 கி.மீ. சொச்சம். சுற்றிலும் கரும்பு, நெல். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதே இங்கேதான். மலையில்லை, கடலில்லை, ரிசார்ட் இல்லை. ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் ஒரு காலைப் பொழுதை மெதுவாகக் கழிக்க, சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இதைப்போல இடங்கள் குறைவு.

நடராஜரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிசபை, நெல்லை தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை. ரத்தினசபை இந்த வடாரண்யேஸ்வரர் கோயில். ஆலமரக் காடாக இருந்ததால் ஆலங்காடு. இங்கே சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. ஆடும்போது விழுந்த காதணியைச் சிவன் காலாலேயே எடுத்துக் காதில் மாட்ட, காலைத் தலைக்கு மேல் தூக்கிய அந்த ஊர்த்துவ தாண்டவத்தில் காளி பின்வாங்கினாள் என்கிறது தலபுராணம். காளிக்குத் தனிச் சந்நிதி உண்டு, முதலில் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். தோற்றவளுக்கு முதல் மரியாதை!

இந்த ஊரின் கதாநாயகி இன்னொருவர். காரைக்காலில் வணிகர் வீட்டில் பிறந்த புனிதவதி. மாம்பழ அதிசயத்தைப் பார்த்துக் கணவன் பயந்து விலகிப்போக, இனி யாருக்காக இந்த அழகு என்று பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ‘அம்மையே’ என்று அழைத்த சிவனிடம், உன் ஆட்டத்தைப் பார்த்தபடி உன் காலடியில் இருக்க வேண்டும் என்று கேட்டார். ஆலங்காட்டுக்குப் போ என்று பதில் வந்தது. அப்படி வந்து சேர்ந்தவர், இந்த ஊரைப் பற்றிய பதிகங்களைப் பாடிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். நடராஜர் காலடியில் இன்றும் அவர்தான். பிற்பாடு வந்த திருஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த மண்ணை மிதிக்க மனமில்லாமல் ஊருக்குள் நுழையாமல் பக்கத்து ஊரில் தங்கினாராம்.

மனைவியாக, வீட்டு நிர்வாகியாக மட்டுமே பார்க்கப்பட்ட ஒரு பெண், எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு, எனக்கு இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்ட ஊர் இது. வேனிலிருந்து இறங்கி 20 நிமிடத்தில் பிரகாரம் சுற்றி ஏறினால் இந்தக் கதை எங்கே மனதில் நிற்கும்?

‘பொன்னியின் செல்வன்’ ரசிகர்களுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-ல் கண்டெடுக்கப்பட்டன. மொத்தம் 31 ஏடுகள். பக்கத்து ஊரான பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததற்கான ஆவணம்தான். ஆனால் பத்திரத்துக்கு முன்னுரையாகச் சோழர் பரம்பரையையே எழுதிவைத்துவிட்டார்கள். சிற்றப்பன் ஆசைப்பட்டதால் அருள்மொழி அரியணையை அப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது, ராஜேந்திரன் படை கடல் தாண்டிக் கடாரம் வென்றது எல்லாம் அதில் வருகின்றன. நாவலை முடித்துவிட்டு ‘நிஜமா, கதையா?’ என்று சண்டை போடும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய ஊர் இதுதான்.

திருவாலங்காட்டின் பெயரைத் தாங்கிய புகழ்பெற்ற நடராஜர் வெண்கலச் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் சிலைகளைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்துச் சொக்கிப்போய், பிரெஞ்சுச் சிற்பி ரோதான் எழுதிய கட்டுரை 1921-ல் வெளியானது. பாரீஸிலிருந்து ஒருவர் நம் சிலையை அப்படிப் பார்த்திருக்கிறார். இதை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை விட வேண்டும், எப்போது போகக் கூடாது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கும். ‘இவ்ளோ தூரம் வந்துட்டோம், பக்கத்துலதானே...’ என்று குடும்பத்தில் ஒருவர் கூகுள் மேப்பைத் திறப்பார். திருப்பதி 70 கி.மீ.க்குள் காட்டும். இந்தப் பக்கம் பூண்டி நீர்த்தேக்கம் காட்டும். அதையொட்டி அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதங்களைக் கண்டுபிடித்த இடம். சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தைய கருவிகள் அங்கே கிடைத்திருப்பதாக 2018-ல் ஆய்வு வெளியாகி உலகமே பேசியது. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். இவ்வளவு வருஷம் காத்திருந்த கல், அடுத்த லீவு வரை காத்திருக்காதா? அந்த ஒருவரின் போனை அன்பாக வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

தேதி பார்ப்பதும் முக்கியம். ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணியில் லட்சக்கணக்கில் காவடிகள் வரும். அது வேறு அனுபவம், ஓய்வு இல்லை. மாதக் கிருத்திகையும் செவ்வாய்க்கிழமையும் கூட்டம்தான். டிசம்பர் 31 இரவு ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும் படித்திருவிழா. திருவாலங்காட்டில் மார்கழித் திருவாதிரை. இவற்றை விட்டுவிட்டு, நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏதாவது ஒரு சாதாரண வார இறுதி தோதாக இருக்கும். மழை எச்சரிக்கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துக் கோயில் என்பதால் திருவாலங்காட்டில் பொதுவாக மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலை 8 மணிக்குள் போய்விட்டால் போதுமான நேரம் கிடைக்கும். சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். திருத்தணியிலேயே டிபனை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். குளத்தங்கரையில் பிள்ளைகள் மேல் ஒரு கண்ணும் இருக்கட்டும்.

திரும்புவதற்கு மறுபடி திருத்தணி போக வேண்டியதில்லை. சென்னை – அரக்கோணம் மார்க்கத்திலேயே திருவாலங்காடு ரயில் நிலையம் இருக்கிறது. கோயிலிலிருந்து சில கி.மீ. தள்ளி என்பதால் ஆட்டோ பிடிக்க வேண்டும். வந்த ஆட்டோக்காரரிடமே திரும்பும் நேரத்தைச் சொல்லி வைப்பது நல்லது. எல்லா ரயிலும் நிற்காது, மின்சார ரயில்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை வண்டிகள் நிரம்பி வழியும். மதியம் 1 மணிவாக்கில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பாட்டியை அங்கே உட்கார வையுங்கள். மணவூர், கடம்பத்தூர், திருவள்ளூர் என்று வயல்கள் குறைந்து கட்டடங்கள் கூடுவதைப் பார்த்தபடியே வந்து, சாயங்கால காபிக்கு வீட்டில் இருக்கலாம். அந்தக் காபியை யார் போடுவது என்பதை மட்டும் ரயிலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.